ஒளியால் எழுதிய ஜோன் மிலி

தமிழிலக்கணம் கற்கப் புகும் மாணவனுக்கு ஆசிரியர் முதற்கண் உணர்த்த வேண்டியவற்றுள் மாத்திரை ஒன்று. மாந்தர் இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும், கைவிரலை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியனார் வரையறுத்தார். குற்றெழுத்துக்கு ஒன்று; நெட்டெழுத்துக்கு இரண்டு; மெய்யெழுத்துக்கு அரை; குறுகி ஒலிக்கும் மகரத்துக்குக் கால். கால் மாத்திரைக்குக் கீழே நம் இலக்கண நூலார் இறங்கினாரல்லர். செவிக்கு அதன்கீழ் வேலையில்லை என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கண்ணுக்கோ அதன்கீழும் ஓர் உலகம் உண்டு. அதனைக் காட்டியோர் நமக்கு அண்மைக் காலத்தவர். ஒருமுறை கண்ணிமைக்கச் செக்கனின் மூன்றிலொரு பங்கு செல்லும் எனக் கொண்டால், கால் மாத்திரை என்பது செக்கனின் பன்னிரண்டிலொரு பங்காகும். அந்தக் கால் மாத்திரையை எண்ணூறு கூறிட்டு, அவற்றுள் ஒரு கூற்றளவே நின்று அவியும் மின்னொளியைக் கொண்டு, தாவுவோரையும் ஆடுவோரையும் சுழல்வோரையும் படம் பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஜோன் மிலி. மெய்வல்லுநரின் விரைவையும், கலைஞரின் முகத்தையும், ஒளியொன்றையே எழுதுகோலாகக் கொண்டு எழுதியவர் அவர்.

நான் கமரா பிடிப்பவன் அல்லேன், ஏடு பிடிப்பவன். ஆயினும் பழைய லைஃப் சஞ்சிகையின் தொகுதிகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்கு இளமையிலேயே கிடைத்தது. அவற்றில் வெளிவந்த மிலியின் படங்களை அன்று வியப்புக்காகவே பார்த்தேன். பின்னர், நிழற்படம் கலையாகுமா ஆகாதா என்று எங்கள் இலக்கிய வட்டத்தில் நண்பர் ஒருவர் வழக்காடத் தொடங்கியபோது, அந்தப் படங்களை மீண்டும் எடுத்து ஊன்றிப் பார்க்க நேர்ந்தது. காண்பது கருவி, மனிதன் செய்வது பொத்தானை அமுக்குவது மட்டுமே என்பது அந்த நண்பரின் கட்சி. அதற்கு மறுமொழியாக ஒரு கோட்பாட்டைச் சொல்வதினும் ஒரு வாழ்வைச் சொல்வது நலம் என எண்ணி இதனை எழுதுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

மிலி 1904ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் அல்பேனிய நாட்டின் கோர்ச்சா என்னும் நகரிற் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அவர் வளர்ந்ததும் பள்ளியிற் பயின்றதும் ருமேனியாவில். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்து, மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் மின்பொறியியல் கற்று, 1927ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு ஒன்று, வாழ்ந்த நாடு வேறொன்றாக அமைந்த அவருக்கு, மூன்று நாட்டிலும் மாறாத மொழியாக ஒளி வாய்த்தது போலும்.

பட்டம் பெற்றபின் வெஸ்ரிங்ஹவுஸ் என்னும் மின்பொருள் நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விளக்கொளி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஒரு விளக்கு எவ்வளவு ஒளியைத் தரும், எத்திசையிற் சிதறும், எவ்விடத்தில் நிழல் விழும் என்பவற்றை நாள்தோறும் அளந்து குறிப்பதே அவர்தம் தொழில். நிழற்படக் கலையை அவர் எவரிடமும் மாணவராக இருந்து கற்றவரல்லர். தாமே முயன்று பயின்றவர். ஓவியர் பலர் வண்ணத்திலிருந்து ஒளிக்கு வந்தனர். இவரோ ஒளியின் கணக்கிலிருந்து உருவத்துக்கு வந்தவர். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி அவர் படங்களின் இயல்பு விளங்காது.

முன்னோர் பட்ட பாடு

ஓடுபவனைப் படம் பிடிப்பது ஏன் அரிது என்பதனை இங்கே சிறிது கூறவேண்டும். கமராவின் வாயில் திறந்திருக்கும் காலம் முழுவதும் உள்ளே ஒளி விழுகின்றது. அந்தக் காலத்துக்குள் கால் ஒரு சாண் நகர்ந்தால் படத்திலும் அந்த ஒரு சாண் தூரம் கால் மெழுகப்பட்டுத் தோன்றும். ஆகவே வாயிலை மிகக் குறுகிய பொழுதே திறத்தல் வேண்டும். அங்ஙனம் திறந்தால் உட்புகும் ஒளி போதாமற் படம் இருண்டுவிடும். விரைவை வேண்டினால் ஒளி குறையும். ஒளியை வேண்டினால் விரைவு மெழுகப்படும். நிழற்படக் கலையின் முதல் நூறாண்டு வரலாற்றிற் பெரும்பகுதி இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து மீளும் முயற்சியே.

மீளும் வழியை மிக முன்னரே கண்டவர் ஆங்கிலேயராகிய ஃபொக்ஸ் டால்பொட். 1851ஆம் ஆண்டில், சுழலும் சக்கரமொன்றில் அச்சிட்ட தாளை ஒட்டி, இருண்ட அறையில் ஒரு மின்பொறியை எழச் செய்து, அந்தப் பொறியின் ஒளியில் அதனைப் படமாக்கினார். வாயிலைக் குறுக்குவதற்கு மாறாக ஒளியையே குறுக்கிவிட்டார் என்க. ஆயினும் அந்நாளில் அது ஓர் ஆய்வுகூடப் புதுமையாகவே நின்றது.

1878ஆம் ஆண்டில் மைபிரிட்ஜ் என்பார் கலிபோர்னியாவிற் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தை விட்டெழும் கணம் உண்டென்பதை நாட்டினார். பின்னர் மெய்வல்லுநரையும் அவ்வாறே படம் பிடித்தார். அவருக்கு விளக்கு ஞாயிறு. பிரான்சிலே மாரே என்னும் உடலியல் அறிஞர் 1882ஆம் ஆண்டு முதலாக, வெள்ளுடை அணிந்தவனைக் கரிய பின்னணியின் முன் நடக்கவும் தாவவும் செய்து, துளையிட்ட சுழல்தட்டின் வழியே ஒரே தகட்டிற் பல நிலைகளைப் பதித்தார். ஒரே படத்திற் பல கணங்களைக் காட்டும் எண்ணத்தில் மாரேயே மிலிக்கு முன்னோர். இதனை மறைத்து மிலியைப் புகழ்தல் முறையன்று.

வீட்டுக்குள்ளும் இரவிலும் படம் பிடிப்போர்க்கு மக்னீசியத் தூளே நெடுங்காலம் துணை. அதனைக் கொளுத்தினாற் பேரொளி எழும். உடன் புகையும் எழும். பலருடைய கையையும் முகத்தையும் அது சுட்டிருக்கின்றது. 1930ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணாடிக் குமிழுக்குள்ளே எரியும் மின்வெட்டு விளக்கு வந்தது. புகை ஒழிந்தது, ஆனால் ஒரு குமிழ் ஒருமுறைக்கே உதவும். அதன் ஒளியும் விரைந்தோடும் காலை நிறுத்துமளவு குறுகியதன்று.

எட்ஜேர்ட்டனும் மிலியும்

இந்நிலையில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் என்னும் பேராசிரியர் மின்பொறிகளின் சுழற்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் பொறியின்மேல் விட்டுவிட்டு ஒளியைப் பாய்ச்சினால், ஒளியின் துடிப்பும் பொறியின் சுழற்சியும் ஒத்திருக்கும்போது, பொறி அசையாது நிற்பதுபோலத் தோன்றும். இதற்கென 1931ஆம் ஆண்டில் அவர் அமைத்த விளக்கே இன்றைய மின்வெட்டு விளக்குகளுக்கெல்லாம் மூலம். அதன் இயக்கம் எளிது. மின்னைக் கொள்ளளவி ஒன்றிற் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்து, வாயு நிறைந்த குழாயினூடாக ஒரே கணத்திற் பாயவிடுதல். குளத்து நீரை மடையால் மெல்ல விடாது, கரையை வெட்டி ஒருங்கே விட்டாற்போல என்று என் மாணவர்க்குக் கூறுவதுண்டு. ஒளி மிகப் பெரிது. நிற்கும் காலமோ செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்கு, அல்லது அதனினும் மிகக் குறைவு. மீண்டும் மின்னேற்றினால் மீண்டும் ஒளிரும்.

1937ஆம் ஆண்டில் மிலி, தாம் கற்ற அக்கழகத்திலேயே எட்ஜேர்ட்டனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பே அவர் வாழ்வின் திருப்பம். எட்ஜேர்ட்டனுக்கு அந்த விளக்கு உண்மையை அளக்கும் கோல். பாற்றுளி விழும்போது முடிபோல எழும் விளிம்பையும், ஆப்பிள் கனியைத் துளைத்துச் செல்லும் குண்டையும் பிற்காலத்தில் உலகறியச் செய்தவர் அவர். மிலியோ அதே விளக்கை நடனசாலைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டில் நிறுவனப் பணியைத் துறந்தார். 1939ஆம் ஆண்டு முதல் லைஃப் சஞ்சிகைக்குப் படமெடுப்பவரானார். கைநிறைந்த ஊதியமும் உறுதியான பதவியும் உடையவர், முப்பத்துநான்கு வயதளவில், தாமே கற்ற ஒரு கலையை நம்பி வெளியேறினார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இருளே முதற் கருவி

மிலியின் படங்களை ஊன்றி நோக்குவோர்க்கு அவர்தம் முறை தெளிவாகப் புலப்படும். முதலாவது இருள். படம் எடுக்கும் இடத்தை முற்றாக இருட்டாக்கி, பின்புறத்தே கரிய திரையிட்டு, கமராவின் வாயிலைத் திறந்தே விட்டுவிடுதல். இருளில் வாயில் திறந்திருந்தாலும் உள்ளே ஒன்றும் பதியாது. விளக்கு வெட்டும் கணமே பதியும் கணம். அங்ஙனமாகக் காலத்தை அளக்கும் வேலை கமராவின் வாயிலிலிருந்து விளக்குக்கு மாறிவிடுகின்றது.

இரண்டாவது ஒளியின் திசை. விளக்கை வீரனின் முகத்துக்கு நேரே வைத்தால் ஒளி பின்னுள்ள திரையிலும் விழும். உடம்பும் தட்டையாகத் தோன்றும். பக்கத்திலிருந்தோ, சற்றே பின்னிருந்தோ பாய்ச்சினால், திரை கரியதாகவே நிற்கும்; தோளும் புயமும் தொடையும் ஒளிவிளிம்பு பெற்று இருளிலிருந்து வெட்டியெடுத்தவைபோல எழும். தசை இறுகும் இடமும் தளரும் இடமும் நிழலாற் புலப்படும். மெய்வல்லுநனின் உடலிற் பயிற்சி எழுதிய எழுத்தைப் படிக்கப் பக்கவொளியே வேண்டும். மென்கல்லிற் பொறித்த பழைய சாசனத்தைப் படிப்போர், நடுப்பகலை விட்டு, சாய்ந்த மாலை வெயிலுக்குக் காத்திருப்பது இதனாலன்றோ!

மூன்றாவது ஒளியின் எண்ணிக்கை. ஒரே தகட்டில் விளக்கைப் பலமுறை வெட்டச் செய்தால், ஒரே உடலின் பல நிலைகள் வரிசையாகப் பதியும். விளக்கு ஒரே சீராக வெட்டுவதனால், உருவங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் உடல் மெல்ல அசைந்தது என்றும், விலகி நிற்கும் இடத்தில் விரைந்தது என்றும் அறியலாம். யாப்பில் அசையும் சீரும் ஓசையின் நடையை அளந்து காட்டுவதுபோல, இங்கே உருவத்தின் இடைவெளி உடலின் நடையைக் காட்டுகின்றது. வெட்டு மிகுந்தால் உருவங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து வெளுத்த குழப்பமாகும். குறைந்தால் தொடர்பு அறும். எத்தனை வெட்டு என்பதை எந்தக் கருவியும் தானாக முடிவு செய்வதில்லை.

1942ஆம் ஆண்டளவில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உடற்பயிற்சி வெற்றிவீரராகிய நியூட் லோக்கன், கைப்பிடிகளைப் பற்றிக் கால்களை வட்டமாகச் சுழற்றும் பயிற்சியை மிலி இம்முறையிற் படமாக்கினார். பார்வையாளர் அரங்கில் இருந்து கண்டால் அது ஒரே சுழற்சி. படத்திலோ ஒரு மனிதன் மலர்போல விரிகின்றான்; எந்தக் கணத்தில் எந்தக் கை உடலின் பாரத்தைத் தாங்கியது என்பது தெரிகின்றது. கியூபா நாட்டு நடனக் கலைஞர் அலீசியா அலொன்சோ, கால்விரல் நுனியில் நின்று சிற்றடி பெயர்த்து மேடையைக் கடக்கும் படமும் அவ்வாறே. காற்றில் மிதந்து செல்வதாக நாம் மயங்குவது, எண்ணற்ற சிற்றடிகளின் உழைப்பென்பதை அப்படம் காட்டுகின்றது. முரசு கொட்டும் ஜீன் குரூப்பாவின் கைக்கோல்கள் விசிறிபோல விரிவதையும் அவர் பதித்தார். 1942ஆம் ஆண்டில், மாடிப்படியில் இறங்கும் பெண்ணொருத்தியின் பல நிலைகளை ஒரே படத்தில் அடக்கினார். மார்செல் டுஷாம் 1912ஆம் ஆண்டில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்துக்கு அது வணக்கமாக அமைந்தது.

விரைவை நிறுத்திக் காட்டுவது வித்தை. விரைவுக்குள் ஒளிந்திருக்கும் உழைப்பைக் காட்டுவது கலை. மிலியின் படங்களில் நான் காண்பது பின்னதை.

எங்கள் பாடசாலையின் மெய்வல்லுநர் போட்டி நாளில் இந்நாளைய மாணவர் கைத்தொலைபேசியால் நூறு படம் எடுக்கின்றனர். உச்சிவெயிலில் எடுத்த படத்திற் கண்குழி கறுத்திருக்கும். மாலையிற் கொட்டகைக்குள் எடுத்ததில் ஓட்டக்காரனின் கால் மெழுகுண்டிருக்கும். ஏன் என்று என்னை வினவுவர். ஞாயிறு சாய்ந்து பக்கத்தே நிற்கும் நேரத்தில், பின்னணி இருண்டு தோன்றும் பக்கமாக நின்று, தாவுபவன் உச்சியை அடைந்து ஒருகணம் தயங்கும் இடத்தைக் குறி வைத்து எடுங்கள் என்று கூறுவேன். ஆட்டக்காரனின் கண்ணில் திடீரொளி பாய்ச்சுதல் தீங்கு என்றும் கூறுவேன். உடற்பயிற்சிப் போட்டிகளிலும் ரெனிஸ் போட்டிகளிலும் மின்வெட்டொளியைத் தடுத்திருப்பது இதனாலேயே. இவையெல்லாம் மிலியின் படங்களைப் பார்த்து நான் கற்றவை.

ஒளி மறைத்த கைகள்

1944ஆம் ஆண்டில் வோனர் சகோதரர் நிறுவனத்துக்காக மிலி பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை இயக்கினார். ஜாமிங் த புளூஸ் என்பது அதன் பெயர். நோர்மன் கிரான்ஸ் என்பார் துணைநிற்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைவாணர் கூடி வாசிப்பதே அதன் பொருள். தொடக்கத்தில் இருளில் ஒளிவட்டங்கள் மட்டும் தோன்றுகின்றன. மெல்ல அவை அசைந்து, இசைவாணர் லெஸ்ரர் யங்கின் தொப்பியென்பது புலனாகின்றது, தலை நிமிர்கின்றது, முகம் ஒளி பெறுகின்றது, புகை சுருள்கின்றது. முகத்தை உடனே காட்டாது காத்திருக்கச் செய்து காட்டும் அந்த முறையில், வேடிக்கைப் பொருளாகத் திரைப்படங்கள் காட்டிவந்த ஓரினத்தவர், அரசர்க்குரிய பெருமிதத்தோடு தோன்றினர். ஒஸ்கார் பரிசுக்கு அப்படம் முன்மொழியப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாதுகாக்கத்தக்க படங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

அப்படத்தின் பின்னே வருத்தந்தரும் செய்தியும் உண்டு. இசைவாணருள் பார்னி கெசல் ஒருவரே வெள்ளையர். இரு நிறத்தவரும் ஒருங்கிருந்து வாசிப்பதைத் தென் மாநிலங்களின் திரையரங்குகள் ஏற்கமாட்டா என்று படநிறுவனத்தார் அஞ்சினர். ஆகவே கெசல் நிழலில் அமர்த்தப்பட்டார். கைகள் மட்டும் அண்மையிற் காட்டப்பட்டபோது பழச்சாறு பூசி அவற்றைக் கறுக்கச் செய்தனர். ஒரு மனிதனின் மாண்பை விளங்கச் செய்த அதே ஒளியமைப்பு, அடுத்திருந்த மனிதனின் நிறத்தை மறைக்கவும் பயன்பட்டது. ஒளியை ஆள்வோன் எதனைக் காட்டுவது என்பதோடு எதனை மறைப்பது என்பதையும் ஆள்கின்றான். அந்த ஆட்சி பிறர் அச்சத்துக்குப் பணியும்போது கலை குறைபடுகின்றது. மிலியைப் போற்றும் நான் இதனை மறைத்தால், அந்தப் பழச்சாற்றில் எனக்கும் பங்குண்டு.

பிக்காசோவின் கொள்ளிவட்டம்

இருளில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் அது தீவளையமாகத் தோன்றும். கொள்ளிவட்டம் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டு, தோற்றமும் உண்மையும் வேறென்பதற்கு உவமையாக ஆண்டனர். கண்ணில் கணப்பொழுதே நிற்கும் அந்த வட்டத்தைத் தகட்டில் நிலைக்கச் செய்தவர் மிலி. பனிச்சறுக்கு நடனத்தில் வல்ல கரொல் லின் என்பவரின் காலணிகளிற் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருளில் ஆடச் செய்து, வாயிலைத் திறந்து வைத்து, அவர் கால்கள் சென்ற வழியை ஒளிக்கோடாகப் பதித்தார்.

1949ஆம் ஆண்டில் பிரான்சின் தென்பகுதியிலுள்ள வலோரிஸ் என்னும் ஊரில் ஓவியர் பிக்காசோவைக் காணச் சென்றபோது, இப்படங்களை அவருக்குக் காட்டினார். பிக்காசோ உடனே ஆர்வங்கொண்டார். முதலிற் பதினைந்து நிமிடமே ஒரு சோதனைக்கு இசைந்தவர், விளைவைக் கண்டபின் மேலும் பலமுறை இசைந்தார். இருண்ட அறை, கையிலே சிறு மின்விளக்கு, தாளில்லை, மையில்லை. வெறும் காற்றிலே காளையும், பாதி மனிதன் பாதி குதிரையான உருவும், கிரேக்க முகமும், தம் கையொப்பமும் அவர் வரைந்தார். வரையும்போதே அவை மறைந்தன. வரைந்தவரும் தாம் வரைந்ததைக் கண்டாரல்லர். முன்னும் பக்கத்தும் இரு கமராக்களை மிலி நிறுத்தியிருந்தமையின், கண்டது கமரா ஒன்றே.

இங்கேதான் மிலியின் நுண்மை புலப்படுகின்றது. ஒளிக்கோடு மட்டும் பதிந்திருந்தால், அது பிக்காசோவின் ஓவியமாக நின்றிருக்கும். வரைதல் நிகழும்போது மின்வெட்டு விளக்கை ஒருமுறை ஒளிரச் செய்து, வரைபவரையும் அதே தகட்டில் மிலி பதித்தார். ஆகவே ஒரே படத்தில் இருவகைக் காலம் உள்ளது. கோடு, சில செக்கன் நீண்ட கையின் பயணம். உருவம், கண்ணிமைப்பினும் குறுகிய ஒரு கணம். செயலும் செய்பவனும் ஒருங்கே தோன்றுகின்றனர். விரையும் மெய்வல்லுநரைப் பிடித்த வித்தையும், முகத்தை வரையும் கலையும் இப்படத்தில் ஒன்றாயின. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் லைஃப் இவற்றை வெளியிட்டது. உலகம் மிலியை நினைப்பது பெரும்பாலும் இவற்றாலேயே.

முகமும் ஒளியும்

ஓடுபவனைக் காட்ட ஒளி குறுகவேண்டும். அமர்ந்திருப்பவனைக் காட்ட ஒளி பொறுமையாக வேண்டும். நேரொளி முகத்தின் மேடுபள்ளத்தை அழித்துவிடும். பக்கவொளி நெற்றிச் சுருக்கத்தையும் கன்னத்தின் வாட்டத்தையும் எழுதும். பின்னொளி உருவத்தை இருளிலிருந்து பிரிக்கும். ஒரு விளக்கை ஒரு முழம் நகர்த்தினால், அதே மனிதன் கனிந்தவனாகவும் தோன்றுவான், கடியவனாகவும் தோன்றுவான். ஓவியர் மத்தீசையும், நாடு துறந்து பிரான்சின் பிராட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த இசைமேதை பப்லோ கசால்ஸையும் மிலி இத்தகைய தேர்ச்சியோடு படம் பிடித்தார்.

1961ஆம் ஆண்டில் வேறொருவரைப் படம் பிடிக்கும் பணி அவருக்கு வந்தது. யூதர் பல இலட்சம் பேரைக் கொலைக்களங்களுக்கு அனுப்பும் பொறுப்பை வகித்த அடொல்ப் ஐக்மன், இஸ்ரவேலின் சிறையில் வழக்கை எதிர்நோக்கி இருந்தான். அவன் வாசிப்பதையும் உலாவுவதையும் மிலி பதித்தார். அப்படங்களில் அரக்கன் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிந்த, வழுக்கை விழுந்த, எளிய எழுதுவினைஞன்போன்ற ஒருவன் இருக்கின்றான். கோரமான நிழலை அவன் முகத்தில் வீழ்த்துவது ஒளியை அறிந்தவர்க்கு அரிதன்று. அங்ஙனம் வீழ்த்தியிருந்தால் நாம் ஆறுதல் அடைந்திருப்போம். அரக்கர் வேறு, நாம் வேறு என்று எண்ணியிருப்போம். அந்த ஆறுதலை இப்படங்கள் நமக்குத் தரவில்லை. நிழலைச் சேர்க்க வல்லவர் அதனைச் சேர்க்காது விட்டதும் ஒளியமைப்பே.

எரிந்தவையும் எஞ்சியவையும்

1968ஆம் ஆண்டில் நியூ யோர்க்கிலிருந்த அவருடைய படக்கூடம் தீப்பற்றியது. அவர் அரிதிற் சேர்த்த படங்களும் மூலத்தகடுகளும் ஆயிரக்கணக்கில் அழிந்தன. இசைவாணர் இரவெல்லாம் கூடி வாசித்த கூடம் அது. நூலகங்கள் எரிந்த துயரை அறிந்த நம்மவர்க்கு, ஒரு மனிதன் தன் வாழ்நாளின் உழைப்பு சாம்பலானதைக் கண்டு நிற்கும் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறுபத்துமூன்று வயதில் இதனைக் கண்டும் மிலி ஓய்ந்தாரல்லர். 1970ஆம் ஆண்டில் பிக்காசோவைப் பற்றிய நூலையும், 1980ஆம் ஆண்டில் தம் படங்களும் நினைவுகளும் அடங்கிய நூலையும் வெளியிட்டார். 1984ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், கனெக்ரிகட் மாநிலத்தின் ஸ்ராம்போட் நகரில், தம் 79ஆம் வயதிற் காலமானார்.

மின்வெட்டு விளக்கு இன்று உள்ளங்கையளவாகச் சுருங்கிவிட்டது. விளையாட்டரங்குகளின் கூரையில் அதனைப் பொருத்தி, கூடைப்பந்தாட்டக்காரன் தாவும் கணத்தைப் படமாக்குகின்றனர். எட்ஜேர்ட்டனும் மிலியும் பெரிய பெட்டிகளோடும் தடித்த கம்பிகளோடும் வருந்திச் செய்ததை, இன்று ஒரு சிறுவன் ஒரு விரலாற் செய்வான். ஆகவே என் நண்பரின் வினா முன்னினும் வலிமை பெற்றுவிட்டது: கருவியே யாவும் செய்யுமாயின் மனிதனுக்கு என்ன வேலை?

மிலியின் வாழ்வே அதற்கு விடை. அறை இருண்டிருக்கின்றது, கமராவின் வாயில் திறந்திருக்கின்றது, கருவி எதனையும் காணவில்லை. எப்பொழுது ஒளிர்வது, எத்திசையிலிருந்து, எத்தனை முறை, எவர்மேல், எவரை விடுத்து என்பவை ஐந்தும் மனிதன் தீர்மானிக்க வேண்டியவை. லோக்கனின் உழைப்பைக் காட்டியதும், லெஸ்ரர் யங்கின் பெருமிதத்தைக் காட்டியதும், கெசலின் கைகளை மறைத்ததும், ஐக்மனுக்கு நிழல் சேர்க்காததும் அந்தத் தீர்மானங்களே. புகழுக்கும் பழிக்கும் உரியவன் மனிதனாக இருக்குமிடத்தில் கலை உண்டு என்பது என் துணிபு.

நம் மாணவருட் கமரா பிடிக்கும் ஆர்வமுடையோர் பலர். அவர்கள் புதிய கருவிக்குப் பொருள் தேடுமுன், ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரு முகத்தின்மேல் வெயில் எவ்வாறு நகர்கின்றது என்பதைப் பார்த்திருப்பாராக. மாத்திரையை உணர்ந்த பின்னரே செய்யுள் செய்யப் புகுதல் நம் மரபு. ஒளிக்கும் அம்மரபு பொருந்தும்.